என் பங்கையும் அவளே முழுங்குவா

தம்பி, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துக்குங்க. எழுந்திருக்க வேண்டாம், அந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்குங்க, போதும். இந்த வலது காலை நடுவுல நீட்டிக்கணும். ஆங், அவ்வளவுதான். கண்டக்டர் வந்தா தாண்டிப் போயிடுவார். கண்டக்டருங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

கால்ல ஒன்னுமில்ல. நரம்பு. நாள் பூரா நின்னுக்கிட்டே வியாபாரம் பண்றவனுக்கு வர்றதுதான். நீங்க உடனே காலைப் பாக்காதீங்க. இப்பல்லாம் எல்லாரும் முதல்ல என் காலைப் பாக்குறாங்க, அப்புறம்தான் மூஞ்சியைப் பாக்குறாங்க. அது நான் பண்ற வேலை. நான் செருப்புக் கடைக்காரன்.

அய்யன்துறை கடைவீதியில வந்து 'கலியமூர்த்தி காலணியகம்'னு கேட்டுப் பாருங்க. இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு ஆள் படியேறும்போதே சொல்லிடுவேன், இவருக்கு எட்டு, இந்தம்மாவுக்கு அஞ்சுன்னு. அளவுப் பலகையெல்லாம் புதுசா கடை வச்சவனுக்கு. என் கால் ஏழு. கல்யாணத்தன்னிக்கு ஏழு, இன்னிக்கும் ஏழு. போர்டுல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? 'செருப்பு அணிந்தவர் காலை யானைக்கால் அண்டாது.' நானே யோசிச்சு எழுதினது. அந்த ஒரு வரிக்காகவே எத்தனை பேர் வந்திருக்காங்க. அப்படி எழுதி வச்சவன் கால் இப்படி இருந்தா எவன் தம்பி கடைக்கு வருவான்? அதான் சொல்றேன், இது நரம்பு. நரம்பாத்தான் இருக்கணும்.

நீங்க எங்க இறங்கணும்? பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? அட, நானும் அங்கதான். யாரையாவது பாக்கவா? பக்கத்துல ஆபீஸா? நல்லது, நல்லது. அவசரமா போகணுமோ? பத்தரைக்கா? அப்ப நேரம் இருக்கு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறது இதுதான் முதல் தடவை. ஐம்பத்தோரு வயசாகுது, சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. உடம்புக்கு வந்ததே இல்லன்னு நினைச்சுக்காதீங்க. ஜுரம் வரும், இருமல் வரும், எல்லாருக்கும் வர்ற மாதிரிதான். வந்தா தையல்நாயகி போவா. என் சம்சாரம். டாக்டர் முன்னாடி உக்காந்து, "இருமல், சளி மஞ்சளா வருது, ரெண்டு நாளா பசியில்ல"ன்னு எல்லாம் கரெக்டா சொல்லுவா. டாக்டர் அவ நெஞ்சுல குழாயை வைக்கப் போவார். "எனக்கில்ல டாக்டர், அவருக்கு"ன்னுவா. "அவர் எங்கம்மா?" "கடையில இருக்காருங்க." ஒரு தடவை அந்த டாக்டர் கேட்டாராம், "அப்ப மருந்தை யாரும்மா சாப்பிடுவா?"ன்னு. படிச்சவங்களுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

மருந்து மட்டுமில்ல தம்பி. எனக்கு ஏழரைச் சனி நடந்தப்ப சனிக்கிழமை தவறாம பட்டினி கிடந்தது அவ. நான் கடைக்குப் போறவன், பட்டினி தாங்குமா? சனி விலகிச்சா இல்லையா? விலகிச்சு. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டது நான். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மிதிச்சது அவ. ஒரு கொப்புளம் கிடையாது. நான் ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், எனக்குத்தான் உள்ளங்கால் சுட்டுது. அம்மன் ஏத்துக்கிட்டா. இது யார் கால், வேண்டுதல் யாருதுன்னு அம்மன் கேக்கல. கேட்டது ஹெல்த் டிபார்ட்மெண்ட் மட்டும்தான்.

அதான் விஷயமே. மாத்திரை.

உங்க ஊர்லயும் குடுத்திருப்பாங்களே? வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடா வந்து யானைக்கால் மாத்திரை. சின்னதா மூணு, கடிச்சுத் தின்ன பெரிசா ஒன்னு. கையில குடுத்துட்டுப் போக மாட்டாங்க. அவங்க கண்ணு முன்னாடியே முழுங்கணும். முழுங்கினா விரல்ல மை வைப்பாங்க, ஓட்டுப் போட்டா வைக்கிற மாதிரி. எங்க தெருவுக்குப் பவுனம்மா வரும். அங்கன்வாடியில ஆயாவா இருந்தது. நல்ல மனுஷி, விட்டுக்கொடுத்துப் போற குணம்.

முதல் வருஷமே நான் சொல்லிட்டேன், "பவுனம்மா, எனக்குத் தொண்டை சின்னது. மாத்திரை இறங்காது." பலாச்சுளையைக் கொட்டையோட முழுங்குவீங்களேன்னு தையல்நாயகி உள்ளேர்ந்து குரல் குடுத்தா. பழம் வேற, மாத்திரை வேற. பவுனம்மா பாவம், வெயில்ல நிக்குது. நான்தான் வழி சொன்னேன். "என் பங்கையும் அவளே முழுங்கட்டும். புருஷன் பெண்டாட்டின்னா ஒரே உடம்புதானே? எந்த வாய் வழியா உள்ள போனா என்ன?" பவுனம்மாவுக்கு அன்னிக்குள்ள நாற்பது வீடு முடிச்சாகணும். "முழுங்கும்மா"ன்னுச்சு. தையல்நாயகி ஆறு சின்னது, ரெண்டு பெரிசு. அவ இடது கை விரல்ல அவளுக்கு மை, அவ வலது கை விரல்லயே எனக்கு மை. நோட்டுல ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சு. யாருக்கும் சங்கடமில்ல.

ஒன்பது வருஷம் தம்பி! ஒன்பது வருஷம் ஒரு பிரச்சினை கிடையாது. அன்னிக்குப் பூரா அவளுக்குக் கொஞ்சம் தலை சுத்தும், ரெண்டு தடவை வாந்தி எடுப்பா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா. நான் ஒரு வார்த்தை திட்டினதில்ல. சமையல் ஆகலையான்னுகூடக் கேக்க மாட்டேன். பேசாம கிளப்புக் கடையில போய் ரெண்டு பூரி சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போயிடுவேன். எத்தனை புருஷன் அப்படி இருப்பான்?

இன்னொன்னு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனைன்னு வந்தாங்க. விரல்ல குத்தி ஒரு சின்னப் பட்டையில சொட்டு ரத்தம் விடுவாங்க, பத்து நிமிஷத்துல புழு இருக்கா இல்லையான்னு சொல்லிடும். நான் கடையில இருந்தேன். இருந்தேன்னா, அவங்க தெருமுனையில வரும்போதே கடைக்குப் போயிட்டேன். ஊசின்னா எனக்குப் பயமெல்லாம் இல்ல. பிடிக்காது. தையல்நாயகிதான் ரெண்டு தடவை நின்னா. எங்க வீட்ல தன் பேருக்கு இடது கை, பக்கத்துச் சந்துல அவங்க உக்காந்து குத்தும்போது முக்காட்டைப் போட்டுக்கிட்டு, ரேஷன் கார்டுல என் பேரைக் காட்டி வலது கை. வேற ஒரு பொண்ணு எழுதுச்சு, 'கலியமூர்த்தி'ன்னா ஆம்பளைப் பேராச்சேன்னு நிமிர்ந்துகூடப் பாக்கல. பத்து நிமிஷத்துல சீட்டு வந்துடுச்சு. இருங்க, காட்டுறேன்.

பாத்தீங்களா? 'கலியமூர்த்தி. புழு இல்லை.' கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கு. நான்தான் பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தேன். இன்னிக்கு ஆஸ்பத்திரியில காட்டத்தான் எடுத்துட்டு வர்றேன். சர்க்கார் சீட்டே புழு இல்லன்னு சொல்லுது. அப்புறம் எப்படி இது அந்த வியாதியா இருக்கும்? நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க.

சிரிக்கிறீங்களா? இருமலா. சரி.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்த குடும்பம். போன வருஷம் பவுனம்மா வேலையை விட்டு ஓய்வா போயிடுச்சு. எங்க தெருவுக்கு மாத்திரை குடுக்க ஆள் வேணும்னு மகளிர் குழுவுல கேட்டிருக்காங்க. இவ பேரைக் குடுத்துட்டா. என்கிட்ட கேக்கல. பயிற்சின்னு ஒரு நாள் கூப்பிட்டாங்க. போனா. சாயந்திரம் வந்தா. வந்து என் முன்னாடி உக்காந்து என் காலையே பாத்துக்கிட்டிருந்தா.

"என்னடி?"

"இன்னிக்குப் பயிற்சியில ஒரு சந்தேகம் கேட்டேன்."

"நீயா? என்ன கேட்ட?"

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் முழுங்கினா கேக்குமா சார்னு கேட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் சிரிச்சுட்டாங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டர் மரியதாஸ் சார் மட்டும் சிரிக்கல."

"அவர் என்ன சொன்னார்?"

"எத்தனை வருஷமாம்மான்னு கேட்டார்."

அதோட விட்டிருக்கலாம். விடல. விரல் விட்டுக் கணக்குப் போடுறா. "உங்களுக்காக மட்டும் சின்னது இருபத்தேழு, பெரிசு ஒன்பது. அத்தனையும் என் வயித்துக்குள்ள போச்சு. உங்க புழு எல்லாம் சொகமா உங்ககிட்டயே இருக்கு"ன்னா. என் புழுவாம்! கட்டின புருஷனைப் பாத்து!

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "தையலு, யானைக்கால் வெறுங்காலோட நடக்கிறவனுக்கு வர்றது. நான் பொறந்ததிலேர்ந்து செருப்பைக் கழட்டினவன் இல்ல."

"அது கொசுவால வருது. சாக்கடைக் கொசு. ஒருத்தரைக் கடிச்சுட்டு அடுத்தவங்களைக் கடிக்கும்போது புழுவைக் கொண்டுபோய் விடுமாம். நீங்க முழுங்காததால தெருவுல யார் யாருக்கு விட்டுச்சோ."

"கொசுவா? கடையில நான் எப்பவும் செருப்போடத்தான் உக்காந்திருக்கேன்."

"கொசு உங்க போர்டைப் படிச்சுட்டா கடிக்கும்?"

இப்படிப் பேசக் கூடியவளா அவ? பயிற்சியில இதையெல்லாம் வேற சொல்லித் தர்றாங்க போல. சாக்கடைன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு, ஏன்னா கடைக்குப் பின்னால ஒன்னு ஓடுது. ஓடுதுன்னு சொல்ல முடியாது, நிக்குது. செருப்புப் பெட்டி, காகிதமெல்லாம் அதுலதான் போடுறேன். வேற எங்க போடுறது?

அப்புறம் மாத்திரை குடுக்கிற வாரம் வந்துச்சு. தோள்ல பை, கழுத்துல அட்டை, கையில நோட்டு. பக்கத்து வீடு, அதுக்கடுத்த வீடுன்னு வரிசையா வந்து, எங்க வீட்டு வாசல்ல நின்னு, "வீட்ல யாருங்க?"ன்னு கேக்குறா. என் வீட்ல! காலையில காபி போட்டுக் குடுத்துட்டுப் போனவ!

"விளையாடாத. உள்ள வா"ன்னேன்.

"சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல முழுங்கக் கூடாது."

"நீதானே இட்லி வச்சுட்டுப் போன."

"அப்ப கையை நீட்டுங்க." மூணு சின்னது, ஒரு பெரிசு. தண்ணிச் சொம்பு வேற.

"என் பங்கை நீ முழுங்கு."

"என் பங்கை நான் காலையிலேயே முழுங்கிட்டேன். விரலைப் பாருங்க." இடது விரல்ல மட்டும் மை. வலது கை விரல் வெறுமையா இருக்கு. ஒன்பது வருஷம் மை இருந்த விரல் தம்பி. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

எதிர்வீட்டு ஜபருல்லா பாய் சைக்கிள் துடைச்சுக்கிட்டே பாத்துக்கிட்டிருக்கார். அவர் எதிர்ல நான் வாயைத் திறந்து, என் பெண்டாட்டி உள்ள போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டுங்கன்னு சொல்லி... முடியாதுன்னுட்டேன். அவ சண்டை போடல. சாக்பீஸை எடுத்தா. கதவுல எழுதினா. ரெண்டு, கீழே ஒரு கோடு, அதுக்குக் கீழே ஒன்னு. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் முழுங்கியிருக்காங்கன்னு அர்த்தமாம். நோட்டுலயும் எழுதினா. 'கலியமூர்த்தி, மறுத்தார்.' என் பேரைச் சொல்ல மாட்டா தம்பி, இருபத்தஞ்சு வருஷமா 'இந்தாங்க'தான். அன்னிக்கு முழுப் பேரும் எழுதினா.

தெருவுல எல்லாக் கதவுலயும் நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு. மாத்திரை குடுக்கிறவ வீட்ல ரெண்டுக்கு ஒன்னு. நான் ஈரத் துணியால துடைச்சேன். சாயந்திரம் மறுபடி எழுதினா. துடைச்சேன். எழுதினா. மூணாம் நாள் பெயிண்ட்ல எழுதிட்டா.

ஜபருல்லா பாய் கடைக்கே வந்து கேக்குறார், "என்ன கலியா, தெருவே பாஸாயிடுச்சு, நீ மட்டும் ஃபெயிலாமே? உங்க வீட்டு மேடம் பேப்பர் திருத்துறதுல ரொம்பக் கண்டிப்பு போலயிருக்கு?"

மரியதாஸும் ரெண்டு தடவை வந்தார். மனுஷன் நைச்சியமாத்தான் பேசினார். "அண்ணே, நீங்க ஒருத்தர் முழுங்கினா போதும், எங்க லிஸ்ட்டு முடிஞ்சுது." நான் சீட்டைக் காட்டினேன். இதே சீட்டு. அவர் படிச்சுட்டு தையல்நாயகியைப் பாத்தார். அவ சொல்றா, "சார், அது என் ரத்தம்." தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னா. வெக்கமா இருந்திருக்கும். இருக்கணும் இல்ல? வீட்டு விஷயத்தை வெளியில சொன்னா?

இதுக்கு நடுவுல கால். அது தன்பாட்டுக்கு இருந்துச்சு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை தொடையிடுக்குல நெறி கட்டும், குளிர் ஜுரம் வரும், கால் சிவந்து கொதிக்கும், நாலு நாள்ல அடங்கிடும். அடங்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் தடிப்பா நிக்கும். நான் கண்டுக்கல. வலது கால் செருப்பு பிடிக்கலன்னா எட்டாம் நம்பர் பெட்டியைப் பிரிச்சேன். அதுவும் பிடிக்கலன்னா ஒன்பது. கடை நம்முடையதுதானே. வலது பெரிசு, இடது ஏழு. ஒரே மாடல், ஒரே நீல வார், சட்டுன்னு பாத்தா தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சிருக்காது.

ஆனா கடையில மிஞ்சினது மிஞ்சினதுதானே. இடது பெரிசு, வலது ஏழு. அப்படியே மூணு ஜோடி அலமாரிக்கு மேல கிடந்துச்சு. எந்த மனுஷனுக்கும் ஆகாது, தூக்கியும் போட முடியாது.

எந்த மனுஷனுக்கும் ஆகாதுன்னுதான் நினைச்சேன். தோப்புத் தெருவுல பாக்கியத்தம்மான்னு ஒருத்தி, இட்லி மாவு விக்கிறவ. அவளுக்கு யானைக்கால். இடது கால். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி கடைக்கு வந்தா. காலைப் பாத்ததுமே சொல்லிட்டேன், "ஏழும் பதினொன்னும் ஒரே பெட்டியில வராதும்மா. கம்பெனிக்காரன் அப்படிச் செய்யறதில்ல." தப்பா ஒன்னும் சொல்லலியே? இருக்கிறதைச் சொன்னேன். கடையில வேற ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க, அவங்க எழுந்து போயிடக் கூடாதேன்னு கொஞ்சம் சத்தமாச் சொன்னேன், அவ்வளவுதான். அவ வெறுங்காலோட தார் ரோட்டுல போயிட்டா.

தையல்நாயகி மாத்திரை குடுக்கப் போன இடத்துல அவ காலைப் பாத்திருக்கா. மறுநாள் கடைக்கு வந்து அலமாரி மேலேர்ந்து அந்த மூணு ஜோடியையும் இறக்கினா. "எங்க எடுத்துட்டுப் போற?"ன்னேன். திரும்பிப் பாத்துச் சொல்றா, "ஏழும் பதினொன்னும் இப்பல்லாம் ஒரே பெட்டியில வருதுங்க."

அதுல பெரிய ஜோடி அச்சடிச்ச மாதிரி பொருந்துது அவளுக்கு. இப்ப ஊர்ல என் செருப்புல பாதி என் கால்ல இருக்கு, மீதி பாக்கியத்தம்மா கால்ல இருக்கு. கடைவீதியில எதிர்ல வந்தா நிறுத்தி, "அண்ணே, உங்க வலதும் என் இடதும் பொறந்ததுலேயே ஜோடி"ங்கிறா. நாலு பேர் எதிர்ல! அவளும் புதன்கிழமை புதன்கிழமை இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றா. இன்னிக்கு புதன்.

சரி, நான் ஏன் வர்றேன்னு கேக்குறீங்களா? கேக்கலன்னாலும் சொல்றேன்.

போன மாசம் ஜுரம் கொஞ்சம் பலமா வந்துச்சு. பதினஞ்சு நாள் கடை பூட்டிக் கிடந்துச்சு. மரியதாஸ் வந்து பாத்துட்டுச் சொன்னார், "அண்ணே, இது இனிமே பழைய அளவுக்குப் போகாது. ஆனா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். புதன்கிழமை கிளினிக்குக்கு வாங்க. ரத்தம் பாப்பாங்க, மருந்து குடுப்பாங்க. காலை எப்படிக் கழுவணும்னு சொல்லித் தருவாங்க. டப், மக்கு, சோப்பு, துண்டு எல்லாம் அவங்களே தருவாங்க. தினமும் ரெண்டு வேளை கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஒத்தி எடுத்து, களிம்பு போடணும்." விட்டா இன்னொரு வருஷத்துல தொடை வரைக்கும் ஏறிடும்னார். நான் தையல்நாயகியைப் பாத்துச் சொன்னேன், "கேட்டுக்கிட்டியா? புதன்கிழமை நீ போயிட்டு வந்துடு. வேணும்னா காலை செல்போன்ல படம் எடுத்துக்க."

இதுல என்ன தப்பு? எப்பவும் நடக்கிறதுதானே?

அவ சரின்னா. சத்தியமா சரின்னுதான் சொன்னா. போய் கிணத்தடியில உக்காந்தா. சோப்பை எடுத்து தன் வலது காலைக் கழுவுறா. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறா. துண்டால விரல் இடுக்கையெல்லாம் ஒத்தி எடுக்கிறா. "என்னடி பண்ற?"

"உங்க காலைக் கழுவிட்டேன். எப்படி இருக்கு?"

நான் சிரிச்சுட்டேன். வேடிக்கைன்னு நினைச்சேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தேன். ஒரே ஒரு இலை போட்டிருந்தா. அவ முன்னாடி. சோறு, கத்தரிக்காய் காரக்குழம்பு, அப்பளம். ஒரு சாப்பாடு சாப்பிட்டா. இலையை எடுக்கல. மறுபடி சோறு போட்டுக்கிட்டு இன்னொரு சாப்பாடு. கஷ்டப்பட்டுத்தான் சாப்பிட்டா, தொண்டையை அடைக்குது, தண்ணி குடிச்சுக் குடிச்சு இறக்குறா. எல்லாம் முடிச்சுட்டு என் வயித்தைப் பாத்துக் கேக்குறா, "உங்க பங்கையும் நானே சாப்பிட்டுட்டேன். ரொம்பிச்சா?"

தம்பி, பானையைப் பாத்தேன். கழுவிக் கவுத்து வச்சிருக்கு.

சாயந்திரம் காபி, அதே மாதிரி ரெண்டு டம்ளர் அவளே. நான் கிளப்புக்குக்கூடப் போக முடியல, கால் ஊன முடியல. "பசிக்குதுடி"ன்னேன். "எனக்குப் பசிக்கலியே. ஒரே உடம்புதானே?"ன்னா. அப்படிச் சொல்லும்போது சிரிக்கவே இல்ல. கண்ணெல்லாம் தண்ணி. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டதுல வந்த தண்ணியா இருக்கும். மறுநாள் காலையில, "நானே போறேன், போதுமா?"ன்னு கத்தினேன். உடனே அடுப்பைப் பத்த வச்சா.

அதான் வர்றேன். துணைக்கு வான்னதுக்கும் வர மாட்டேன்னுட்டா. "நான் வந்தா டாக்டர் கேக்குறதுக்கெல்லாம் நானே பதில் சொல்லிடுவேன். பழக்கம் போகாது"ன்னா. இதோ, இந்தப் பையில நாலு இட்லி கட்டிக் குடுத்திருக்கா, வெறும் வயித்துல மாத்திரை கூடாதாம். பஸ் ஏத்தி விடுறப்ப என் இடது கை விரலைப் பிடிச்சுக் காட்டி, "இதுல மை இருந்தாத்தான் கதவுல எழுதினதை மாத்துவேன்"னா. பெயிண்ட் டப்பாவைக் கையிலேயே வச்சுக்கிட்டு வந்திருந்தா தம்பி, பஸ் ஸ்டாண்டுக்கு!

அது என்ன, ஆஸ்பத்திரி கோபுர விளக்குக் கம்பம் தெரியுதே, வந்துடுச்சா? இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கா? சரி.

தம்பி, உங்களைப் பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியுது. ஒன்னு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்களும் இங்கதானே இறங்குறீங்க, பத்தரைக்குத்தானே ஆபீஸ்? அஞ்சே நிமிஷ வேலை. வரிசையில நின்னு, 'கலியமூர்த்தி, அய்யன்துறை'ன்னு சொல்லணும். விரலை நீட்டணும். குடுத்ததை முழுங்கணும். அவ்வளவுதான். கால் எங்கன்னு கேட்டா, வெளியில பெஞ்சுல இருக்குன்னு சொல்லுங்க, நான் அங்க காலோட உக்காந்திருக்கேன். வேணும்ங்கிறவங்க வந்து பாத்துக்கட்டும். மைக்குக் கவலையில்ல. பேனா வாங்கி வச்சிருக்கேன், என் விரல்ல நானே வச்சுக்குவேன்.

என்ன விரலைக் காட்டுறீங்க? ஓ, உங்களுக்கு ஏற்கனவே மை இருக்கா? உங்க ஊர்ல இந்த வாரம்தான் குடுத்தாங்களா? அதனால என்ன தம்பி, இன்னொரு பங்கு முழுங்கினா ஒன்னும் ஆகாது. என் சம்சாரம் ஒன்பது வருஷம் முழுங்கலையா? தலைதான் கொஞ்சம் சுத்தும். ஆபீஸ்ல உக்காந்த வேலைதானே?

ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்களே.

சரி, விடுங்க. பயம்னு நினைச்சுக்காதீங்க. ஐம்பத்தோரு வருஷமா யாரும் என் விரலைக் குத்தினதில்ல. எப்படி வலிக்கும்னே தெரியாது. அவ ஒரு தடவைகூட சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நீங்க குத்திக்கிட்டிருக்கீங்களா? எறும்பு கடிச்ச மாதிரியா? அவ்வளவுதானா? அவ்வளவுதான்னா அவ சொல்லியிருக்கலாமே.

ஸ்டாப் வந்துடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல யார் நிக்கிறா பாருங்க, அந்தப் பச்சைப் புடவை. பாக்கியத்தம்மாதான். கையை வேற ஆட்டுறா. கால்ல நீல வார். இறங்கினா ஊரே பாக்கும், ரெண்டு பேரும் ஒரே செருப்புன்னு.

இருங்க கண்டக்டர், இறங்குறேன், இறங்குறேன். கால் மரத்துப் போச்சு. தம்பி, உங்க சீட்டுக்கு அடியில என் செருப்பு போயிருக்கு, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விடுங்க. குனிய முடியல. அது இல்ல, அது இடது. அது ஏழு. இன்னொன்னு இருக்கும் பாருங்க, உள்ள. ஆங், அந்தப் பெரிசு. அதுதான்.

பதினொன்னு தம்பி. என் வலது கால் பதினொன்னு.